380 மில்லிகிராம் எத்தனை பவுண்டு இழுக்கும்? ஒரு மிக்ஸி ஆர்மேச்சர் கணக்கு

காசிமேட்டில் அத்தை டிபன் கடை வைத்திருக்கிறார். விடியற்காலை மூன்றரைக்கே சட்னி அரைக்கத் தொடங்கினால்தான் துறைமுகத்துக்குப் போகிறவர்களுக்கு நான்கு மணிக்கு இட்லி போட முடியும். அந்த மிக்ஸியில் காய்ந்த மிளகாயை ஈரம் இல்லாமல் ஒரே மூச்சில் அரைத்ததில் ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுற்றுகிற, செம்புக் கம்பி சுற்றின உருளை) புகைந்துவிட்டது. புது மோட்டார் வாங்குவதற்குப் பதில் பழைய ஆர்மேச்சரையே ரீவைண்டிங் பண்ணி, அதாவது கம்பியைப் புதிதாகச் சுற்றிப் பார்க்கலாம் என்று வியாசர்பாடியில் எனக்குத் தெரிந்த வைண்டிங் அண்ணனிடம் எடுத்துக்கொண்டு போனேன். காயில் சுற்றினோம், வார்னிஷ் ஊற்றினோம், கம்யூட்டேட்டரை (கார்பன் பிரஷ் உரசும் செம்புப் பகுதி) லேத்தில் லேசாக வழித்தோம், குரோலர் என்கிற சோதனைக் கருவியில் ஷார்ட் பார்த்தோம். எல்லாம் சரி. மாட்டி ஓட்டினால் மிக்ஸி மேடை மேல் நடக்கிறது. பாதத்தைச் சுற்றி சாக்பீஸால் கோடு போட்டு ஒரு நிமிடம் ஓட்டிப் பார்த்தேன், மூன்று விரல்கடை தள்ளிப் போயிருந்தது.

வார்னிஷ் ஒரு பக்கம் கட்டியாகத் தங்கியிருக்கும், காயில் தலைகளும் (உருளையின் இரு முனையிலும் வெளியே தெரியும் கம்பி வளைவுகள்) எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இருக்காது, அதனால் சுற்றின ஆர்மேச்சரை பேலன்ஸ் பண்ணாமல் மாட்டக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கடையில் வழக்கமாகச் செய்வது இது: ஷாஃப்டை (நடு அச்சு) இரண்டு கம்பி மேல் வைத்து உருட்டி விடுவது, கனமான பக்கம் கீழே வந்து நின்றால் எதிர்ப்பக்கம் புட்டி வைப்பது, எங்கே விட்டாலும் நின்றால் பேலன்ஸ் சரி என்று முடிவு செய்வது. எங்கள் ஆர்மேச்சர் எங்கே விட்டாலும் நின்றது. ஆனாலும் ஆடுகிறது.

இந்த இடத்தில்தான் எனக்கு ஆர்வம் பிடித்துக்கொண்டது. நிற்கிறது என்றால் பேலன்ஸ் ஆகிவிட்டது என்று அர்த்தமில்லை, இருக்கிற கோளாறைவிட உருளும் இடத்தின் உராய்வு பெரிதாக இருக்கிறது என்றும் அர்த்தமாகலாம். அப்படியானால் உராய்வையே அளந்து கழித்துவிட வேண்டும்.

பழைய பிரிண்டர் ஒன்றிலிருந்து கழற்றி வைத்திருந்த கிரவுண்ட் ராடு (சாணை பிடித்து வழவழப்பாக்கின இரும்புக் கம்பி) இரண்டை ஒரு தேக்குப் பலகையில் பதித்து, ரசமட்டம் வைத்துச் சமன் செய்து, மேலே ஆர்மேச்சரை வைத்தேன். இதில் 12 ஸ்லாட் (காயில் உட்காரும் பள்ளம்). ஒவ்வொன்றுக்கும் மார்க்கரால் எண் போட்டேன். ஒரு ஸ்லாட்டை வலது பக்கம், கடிகாரத்தில் மூன்று மணி இருக்கும் இடத்துக்குக் கொண்டுவந்து, அதன் வாயில் தேன்மெழுகைத் துளித்துளியாக அப்பிக்கொண்டே போக வேண்டும். எந்தத் துளியில் ஆர்மேச்சர் உருளத் தொடங்குகிறதோ அத்தோடு நிறுத்தி, அந்த மெழுகை மொத்தமாகச் சுரண்டி எடுத்து, ஸ்லாட் எண் எழுதின காகிதத்தில் மடித்து வைக்க வேண்டும். அடுத்த ஸ்லாட். இப்படி 12 பொட்டலம். எடை கூடுதலாகத் தேவைப்படுகிற ஸ்லாட் இருக்கும் பக்கம் லேசு, குறைவாகத் தேவைப்படுகிற பக்கம் கனம்.

வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷன் பக்கத்திலேயே என்பதால் ரயில் போகும்போதெல்லாம் பலகை அதிர்கிறது, அதிர்ந்தால் பாதி மெழுகிலேயே ஆர்மேச்சர் உருண்டுவிடுகிறது. அப்படி எடுத்த அளவுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, ராத்திரி பத்து மணிக்கு மேல், ஃபேனை நிறுத்திவிட்டு மறுபடி எடுத்தேன். வியர்வை மெழுகில் பட்டால் அதுவும் எடைதான், அதனால் பல் குத்தும் குச்சி முனையால்தான் மெழுகைத் தொட்டேன்.

எடை போட கடையில் இருக்கிற தராசு உதவாது. பழைய வண்ணாரப்பேட்டையில் நகை செய்யும் ஆசாரி ஒருவரிடம் 300 கிராம் வரைக்கும் ஒரு மில்லிகிராம் துல்லியத்தில் காட்டும் கண்ணாடிப் பெட்டித் தராசு இருக்கிறது. மெழுகை எடை போட வந்திருக்கிறேன் என்றதும் அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் ஆர்மேச்சர் கதையைச் சொன்னதும் அவரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பொட்டலத்துக்கும் காகிதத்தின் எடையைப் பூஜ்ஜியமாக்கி, கதவைச் சாத்தி, இலக்கம் நிற்கிறவரைக்கும் காத்திருந்து படித்துச் சொன்னார். எட்டாம் ஸ்லாட்: 0.910 கிராம். அதற்கு நேர் எதிரே இருக்கிற இரண்டாம் ஸ்லாட்: 0.150. ஐந்தும் பதினொன்றும் 0.530-ஐ ஒட்டி. மற்றவை இடையில், அலை மாதிரி ஏறி இறங்கின.

இதில் ஒரு அழகு இருக்கிறது. எட்டாம் ஸ்லாட்டில் வைத்த மெழுகு உராய்வையும் வென்று எதிர்ப்பக்கக் கனத்தையும் வென்றது, இரண்டாம் ஸ்லாட்டில் வைத்ததற்கு அந்தக் கனமே உதவி செய்தது. ஆக 910-லிருந்து 150-ஐக் கழித்துப் பாதியாக்கினால் 380 மில்லிகிராம், அதுதான் உண்மையான ஏற்றத்தாழ்வு. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 530, அது உராய்வு. பலகை கொஞ்சம் சாய்ந்திருந்தால்கூட அந்தத் தவறு, மெழுகை எப்போதும் ஒரே பக்கம் வைப்பதால், இந்த 530-க்குள் போய்ச் சேர்ந்துவிடும், 380-ஐத் தொடாது. உருட்டிப் பார்க்கும் முறை ஏன் ஏமாற்றியது என்பதும் இப்போது தெளிவு: 380 கோளாறு 530 உராய்வைத் தாண்ட முடியாமல் உள்ளேயே ஒளிந்துகொண்டிருந்தது.

380 மில்லிகிராம் என்றால் எவ்வளவு? ஆசாரி ஒரு டப்பாவைத் திறந்து மூன்று குன்றிமணியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஏறக்குறைய அவ்வளவுதான். ஒன்று சுமார் 0.12 கிராம்.

எட்டாம் ஸ்லாட்டின் வாயில் 380 மில்லிகிராம் எப்பாக்ஸி புட்டியை அமுக்க வேண்டும், வேலை முடிந்தது, என்று நினைத்தேன். அண்ணன் கேட்டார், "வெக்கிறது சரி தம்பி, ஓடச்சொல்ல பிச்சிக்கினு வந்தா?" நியாயமான கேள்வி. 18,000 சுற்றில் (டேக்கோமீட்டரில் நானே அளந்தது) மையத்திலிருந்து 20 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிற அந்தப் புட்டி எவ்வளவு விசையோடு வெளியே போகப் பார்க்கும் என்று தெரியாமல் வைக்கக்கூடாது.

அப்பா பெரம்பூரில் ரயில்வே வேலையில் இருந்தவர். 1985-இல் தீப்பிடித்து எரிவதற்கு முன் மூர் மார்க்கெட்டில் வாங்கின பழைய ஆங்கிலக் கைப்புத்தகம் ஒன்று அவர் வைத்திருந்தது, இப்போது என்னிடம் இருக்கிறது. அதில் ஆர்மேச்சர் மேல் கட்டும் கட்டுக்கம்பியின் இழுவை பற்றி ஒரு அத்தியாயம். எல்லாமே பவுண்டும் அங்குலமும். சூத்திரம் சின்னதுதான்: எடையை புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்து, ஆரத்தால் பெருக்கி, கோணவேகத்தின் வர்க்கத்தால் பெருக்கு. விடை பவுண்டு விசையில்.

அந்தக் காலத்துப் பொறியாளர்களுக்கு பவுண்டு என்பது முதலில் ஒரு விசை. நிறை என்பது அதிலிருந்து பிறந்தது: ஒரு பவுண்டு விசை எதைத் தள்ளினால் அது நொடிக்கு நொடி ஓர் அடி வேகம் கூடுமோ, அதன் நிறை ஒரு ஸ்லக். கிலோவில் சொன்னால் 14.594. மெட்ரிக்கிலும் இதே வழக்கம் இருந்தது, கிலோகிராம் என்பதையே விசையாக வைத்து அதிலிருந்து நிறையை வருவித்தால் அந்த நிறை அலகு 9.80665 கிலோ. 1960-இல் எஸ்ஐ என்கிற சர்வதேச அலகு முறை வந்து, கிலோ நிறைக்கு, நியூட்டன் விசைக்கு என்று பிரித்த பிறகுதான் இந்தக் குழப்பம் பாடத்தில் குறைந்தது. பட்டறையில் இன்னும் குறையவில்லை, "எத்தனை கிலோ இழுக்கும்" என்றுதான் எல்லோரும் கேட்கிறோம்.

நான் செய்த முதல் கணக்கு இது. ஒரு மில்லிகிராம் 0.00000006852 ஸ்லக். 380 மில்லிகிராம் 0.00002604 ஸ்லக். ஆரம் 20 மில்லிமீட்டர், அதாவது 0.7874 அங்குலம். 18,000 சுற்று என்பது நொடிக்கு 1,885 ரேடியன், அதன் வர்க்கம் 35,53,000. பெருக்கினால் 72.8 பவுண்டு. கிலோவில் 33.

சந்தேகத்துக்கு மெட்ரிக்கிலும் போட்டுப் பார்த்தேன். 0.00038 கிலோ, 0.02 மீட்டர், 35,53,000. விடை 27. ஒன்று 33, இன்னொன்று 27. சரி, சைபர்களை எங்கேயோ முழுமையாக்கினதில் கொஞ்சம் வித்தியாசம், ஆக மொத்தம் முப்பது கிலோவை ஒட்டித்தான், என்று முடிவு கட்டிவிட்டேன். முப்பது கிலோவை எந்தப் புட்டியும் தாங்காது. ஆர்மேச்சரைத் தூக்கிப் போட்டுவிட்டு அத்தைக்குப் புது மோட்டார் வாங்கித் தரலாம் என்று அண்ணனிடம் சொன்னேன்.

அவர் கணக்கைப் பார்க்கவில்லை, பிரித்துப் போட்டிருந்த மிக்ஸி பாடியைப் பார்த்தார். "இன்னா தம்பி, முப்பது கிலோ சுத்திச் சுத்தி இழுத்துக்கினு இருந்தா இந்த பிளாஸ்டிக்கு தாங்குமா? பிராக்கெட்டு ஸ்க்ரூ பிச்சிக்கினு இந்நேரம் புஷ்ஷு ஓவலாயிருக்கும். இதுல ஒரு கீறல் இல்லியே."

ஷாஃப்டைத் தாங்கும் வளையமான புஷ்ஷைக் கழுவி விரலை விட்டுச் சுற்றிப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி இருந்தது. அவர் சொன்னதுதான் சரி, என் இரண்டு கணக்குமே தப்பு. இரண்டும் ஒன்றையொன்று ஆமோதிப்பது போலத் தெரிந்ததுதான் என்னைக் கவிழ்த்தது.

முதல் கணக்கின் தவறு: ஸ்லக் அடியோடு பிறந்த அலகு. அதை வைத்துக்கொண்டு ஆரத்தை அங்குலத்தில் போட்டேன். விடை சரியாக 12 மடங்கு வீங்கிவிட்டது. அங்குலத்தில் கணக்குப் போட வேண்டுமானால் புவியீர்ப்பு முடுக்கத்தையும் அங்குலத்தில் எடுக்க வேண்டும், அடியில் வரும் 32.174 அல்ல, அதை 12-ஆல் பெருக்கின 386.09. அப்போது கிடைக்கும் நிறை அலகு 12 ஸ்லக், கிலோவில் 175.127. ஒரு மில்லிகிராம் அந்த அலகில் 0.00000000571, புள்ளிக்குப் பின்னால் எட்டு சைபர். 380-க்கு 0.00000217. இப்போது 0.7874-ஆலும் 35,53,000-ஆலும் பெருக்கினால் 6.07 பவுண்டு.

அப்புறம் புத்தகத்தை மறுபடி திறந்தபோதுதான் கவனித்தேன், அந்தச் சூத்திரத்துக்குப் பக்கத்தில் ஓரத்தில் அப்பாவின் பென்சில் எழுத்தில் 386 என்று இருக்கிறது, கீழே இரண்டு கோடு. அது ஏதோ ஸ்டோர் நம்பர் என்று நினைத்துத் தாண்டிப் போயிருக்கிறேன். அவரும் இதே அங்குலத்தில் ஒரு நாள் மாட்டிக்கொண்டு வெளியே வந்திருக்கிறார்.

இரண்டாவது கணக்கின் தவறு வேறு வகை. 27 என்பது தப்பான எண் அல்ல, அது நியூட்டன். நான் அதைக் கிலோ என்று படித்துவிட்டேன். 9.80665-ஆல் வகுத்தால் 2.75 கிலோ. 6.07 பவுண்டும் 2.75 கிலோவும் ஒன்றே. இதே தவறை பவுண்டில் செய்தால் இன்னும் மோசம்: 380 மில்லிகிராமை 0.000838 பவுண்டு என்று எடுத்து, ஆரத்தை அடியில் போட்டு, எதாலும் வகுக்காமல் பெருக்கினால் 195 வரும். அது பவுண்டலில் (ஒரு பவுண்டு நிறையை நொடிக்கு நொடி ஓர் அடி வேகம் கூட்டும் விசை) விடை, 32.174-ஆல் வகுத்தால்தான் 6.07. பழைய புத்தகங்களில் சில பவுண்டலிலும் சில ஸ்லக்கிலும் பேசும், ஒரே அலமாரியில் இரண்டும் இருக்கும், எனவே விடைக்கு என்ன அலகு என்று எழுதிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போக வேண்டும்.

கான்டினென்டல் புத்தகம், அதாவது மெட்ரிக்கில் எழுதின ஐரோப்பியப் புத்தகம் வைத்திருப்பவர்களுக்கும் இதே குழி இருக்கிறது. அங்கே ஆரம் சென்டிமீட்டரில் என்றால் 980.665, மில்லிமீட்டரில் என்றால் 9806.65. எடையை எதால் வகுக்கிறோம் என்பது ஆரத்தை எதில் அளந்தோம் என்பதைப் பொறுத்தது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் வெறும் பெருக்கல்.

எட்டு சைபரோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது, இனிமேல் நான் இதைத்தான் பயன்படுத்தப் போகிறேன். நிறையை எந்த அலகுக்கும் மாற்றாதீர்கள். அந்த இடத்தின் முடுக்கம் புவியீர்ப்பைப்போல எத்தனை மடங்கு என்று மட்டும் கண்டுபிடியுங்கள். 0.02 மீட்டரை 35,53,000-ஆல் பெருக்கினால் 71,060. அதை 9.80665-ஆல் வகுத்தால் 7,246. இது அலகே இல்லாத எண். அதாவது 18,000 சுற்றில், மையத்திலிருந்து 20 மில்லிமீட்டரில் இருக்கிற எந்தப் பொருளும் தன் எடையைப்போல 7,246 மடங்கு கனக்கிறது. ஒரு மில்லிகிராம் ஏழேகால் கிராமாகிறது. 380 மில்லிகிராம் 2,754 கிராமாகிறது. கிரெய்ன் என்கிற பழைய எடை அலகில் அளந்தீர்களா, கிரெய்னில் விடை. தோலாவில் அளந்தால் தோலாவில் விடை. அவுன்ஸ், குன்றிமணி, எதுவானாலும் சரி. கடைசியில் எது வேண்டுமோ அதற்கு ஒரே ஒரு முறை மாற்றிக்கொள்ளலாம்.

சுற்றும் மில்லிமீட்டரும் தெரிந்தால் இன்னும் சுருக்கம்: சுற்றின் வர்க்கத்தை ஆரத்தால் பெருக்கி 0.000001118-ஆல் பெருக்கினால் மடங்கு வந்துவிடும். ரத்தப் பரிசோதனை லேபில் சென்ட்ரிஃப்யூஜ் ஓட்டுபவர்கள் சென்டிமீட்டர் வைத்துப் போடுகிற 0.00001118 இதுவேதான். அங்குலக்காரர்களுக்கு 0.0000284. சரிபார்த்துப் பழக ஒரு உதாரணம்: 350 சுற்று ஓடுகிற சீலிங் ஃபேனில் மையத்திலிருந்து 600 மில்லிமீட்டர் தள்ளி றெக்கை நுனியில் ஒரு கிராம் தூசி இருந்தால் அது 82 கிராமாக இழுக்கும். போட்டுப் பாருங்கள், வரவில்லை என்றால் ஆரத்தின் அலகைப் பாருங்கள்.

இன்னொரு விஷயம், ஆசாரி கேட்டது. "சென்னையில புவியீர்ப்பு கொஞ்சம் கம்மின்னு சொல்றாங்களே, அப்போ என் தராசு பொய் சொல்லுதா?" உண்மைதான், நிலநடுக்கோட்டுக்குக் கிட்டத்தில் இருப்பதால் நம் ஊரில் 9.783-ஐ ஒட்டி இருக்கும். கிலோ விசையை வரையறுக்கும் 9.80665 என்பது 1901-இல் எல்லோருக்கும் பொதுவாக வைத்துக்கொண்ட எண், எந்த ஊருக்கும் சொந்தமானது அல்ல. ஆனால் அவர் தராசு முத்திரை வைத்த படிக்கல்லை இங்கேயே வைத்துச் சரிசெய்யப்பட்டது, ஆகவே அது காட்டுவது நிறைதான், புவியீர்ப்பு கூடினாலும் குறைந்தாலும் படிக்கல்லும் மெழுகும் சேர்ந்தே கூடிக் குறையும். வெளிநாட்டில் சரிசெய்த தராசை அப்படியே இங்கே கொண்டுவந்து வைத்தால்தான் வித்தியாசம் வரும், நம் 380-இல் ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. இந்த வேலைக்கு அது பொருட்டல்ல, தங்கத்துக்குப் பொருட்டு. கணக்கில் மாற்றும்போது 9.80665-ஐயே போடுங்கள், ஊர் எண்ணைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இப்போது 2.75 கிலோ. இதைத் தாங்குமா என்று கேட்டால் பதில் சொல்ல முடியும். உருட்டும் முறை எந்த ஸ்லாட் என்று சொல்லும், ஷாஃப்டின் நீளத்தில் எந்த முனை என்று சொல்லாது, அதனால் புட்டியை இரண்டாகப் பிரித்து ஸ்லாட்டின் இரண்டு முனையிலும் 190, 190 என்று வைப்பது என்று முடிவு செய்தேன். ஒவ்வொன்றும் 1.38 கிலோ இழுக்கும். அண்ணனின் பரணில் கிடந்த பழைய ஆர்மேச்சர் ஒன்றை எடுத்து, ஸ்லாட்டை ஹாக்ஸா பிளேடால் சுத்தமாகச் சுரண்டி, பெட்ரோல் துணியால் துடைத்து, அதே புட்டியை அதே 190 மில்லிகிராம் அளவில் உள்ளே அமுக்கி, நடுவில் ஒரு கம்பி வளையத்தைப் புதைத்தேன். ஸ்லாட் உள்ளே அகலமாகவும் வாயில் குறுகலாகவும் இருப்பதால், உதட்டுக்குக் கீழே ஒதுங்குகிற மாதிரி அமுக்க வேண்டும், மேலே பூசினால் பிரயோஜனம் இல்லை. மறுநாள் அந்தக் கம்பியில் பத்து லிட்டர் தண்ணீர் வாளியைத் தொங்கவிட்டோம். ராத்திரி முழுக்கத் தொங்கியது. 1.38-க்கு ஏழு மடங்கு. சூடேறினால் எப்பாக்ஸி தளரும், மிக்ஸி ஆர்மேச்சர் நன்றாகவே சூடாகும், அதனால் இந்த ஏழு மடங்கை ஆடம்பரம் என்று நினைக்கக்கூடாது. என் தப்புக் கணக்கின்படி ஒவ்வொரு துண்டும் 16 கிலோவுக்கு மேல் இழுத்திருக்க வேண்டும், அதற்கு இந்த வாளி சாட்சி சொல்லியிருக்காது.

வரிசை முக்கியம். காயில் தலையில் நூல் கட்டு போட்டு வார்னிஷ் காய வேண்டும், அதற்குப் பிறகுதான் மெழுகு அளவு. பிறகு கட்டு போட்டால் கட்டின் எடை எல்லா அளவையும் கெடுத்துவிடும். நான் முதல் தடவை அளந்தபோது கட்டு ஏற்கெனவே இருந்தது, அது அண்ணனின் பழக்கத்தால் தப்பித்தது. மெழுகும் புட்டியும் ஒரே ஆரத்தில் இருக்க வேண்டும் என்பது இன்னொன்று, மெழுகை மேல்பரப்பில் அப்பி, புட்டியை இரண்டு மில்லிமீட்டர் உள்ளே வைத்தால் பத்தில் ஒரு பங்கு குறையும்.

புட்டியைக் கலந்தவுடன் ஆசாரியின் தராசிலேயே இரண்டு உருண்டையாகப் பிரித்தோம். 0.191, 0.189. வண்ணாரப்பேட்டையிலிருந்து வியாசர்பாடிக்கு அது இறுகுவதற்குள் வர வேண்டும் என்பதால், ஆர்மேச்சரையே கையோடு எடுத்துப் போயிருந்தேன், அங்கேயே அவருடைய விளக்கு வெளிச்சத்தில், அவர் கல் பதிக்கிற ஊசியால் அமுக்கினோம். என் கையைவிட அவர் கை பத்து மடங்கு நிதானம், அவரையே செய்யச் சொன்னேன். எட்டாம் ஸ்லாட்டின் இரண்டு முனையிலும், உதட்டுக்கு அடியில், ஒரு பிசிறு இல்லாமல்.

மறுநாள் ராத்திரி மறுபடி 12 பொட்டலம். எட்டாம் ஸ்லாட் 0.560, இரண்டாவது 0.480. பாதி வித்தியாசம் 40 மில்லிகிராம். ஒரே ஸ்லாட்டை மூன்று முறை எடுத்தால் முப்பது மில்லிகிராம் வரை ஏறி இறங்குகிறது, ஆகவே இதற்குக் கீழே இந்தப் பலகையால் பார்க்க முடியாது. போதுமா? ஆர்மேச்சரின் எடை 620 கிராம். 40 மில்லிகிராமை 20-ஆல் பெருக்கினால் 0.8 கிராம்-மில்லிமீட்டர், அதை 620-ஆல் வகுத்தால் மையம் 0.0013 மில்லிமீட்டர் விலகியிருக்கிறது, கோணவேகத்தால் பெருக்கினால் நொடிக்கு 2.4 மில்லிமீட்டர். சுற்றும் பாகங்களின் பேலன்ஸுக்கான ஐஎஸ்ஓ 1940 தரத்தில் (2016-இலிருந்து அதற்குப் பதில் ஐஎஸ்ஓ 21940-11) சின்ன மின்மோட்டார்களுக்குப் பொதுவாகச் சொல்லும் அளவு நொடிக்கு 6.3 மில்லிமீட்டர். தொடக்கத்தில் இருந்த 380-க்கு இதே கணக்கு 23 காட்டும். மிக்ஸி நடந்ததில் ஆச்சரியமே இல்லை. விசையில் சொன்னால் 2.75 கிலோவிலிருந்து 290 கிராமுக்கு வந்திருக்கிறது.

ஓட்டிப் பார்க்கும்போது நேராகப் பிளக்கில் சொருகவில்லை. முதலில் மின்சாரத்தை மட்டுப்படுத்த வரிசையில் இணைத்த சீரிஸ் பல்பு, அப்புறம் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர்ஸ்டாட்டில் கொஞ்சம் கொஞ்சமாக. ஆர்மேச்சர் சுற்றும் தளத்துக்கு நேரே யாரும் நிற்காமல், மேலே ஒரு இரும்பு அண்டாவைக் கவிழ்த்து வைத்து. ஒரு துண்டு கழன்றால் அது பக்கவாட்டில்தான் வரும், அந்தத் தளத்தில் முகத்தை வைத்துக்கொண்டு எட்டிப் பார்ப்பதைத் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். கால் மணி நேரம் ஓட்டி, சூடாக இருக்கும்போதே கழற்றிப் பார்த்தோம். புட்டி இரண்டும் இருந்த இடத்தில் இருந்தன, விளிம்பில் ஒரு மயிரிழைப் பிளவுகூட இல்லை.

கடையில் மாட்டி, பாதத்தைச் சுற்றி மறுபடி சாக்பீஸ் கோடு. தேங்காய்ச் சட்னி ஐந்து நிமிடம். நான்கு ரப்பரும் கோட்டுக்குள்ளேயே இருந்தன. அத்தை அதைக் கவனிக்கவில்லை, "சத்தம் கொறஞ்சிருக்கே கண்ணு" என்றார், அது எனக்குப் போதும். பெரிய ஜார் போட்டால் மட்டும் இன்னும் மெல்லிய உறுமல் ஒன்று கேட்கிறது, சின்ன ஜாரில் அது இல்லை, ஆகவே அது ஆர்மேச்சர் இல்லை, அந்த ஜாரின் பிளேடு ஷாஃப்ட் புஷ் தேய்ந்திருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த ஜாரைக் கழற்றப் போகிறேன்.